கூலி: தமிழில் ஊதியம், ஜெர்மனியில் பேனா, வியட்நாமில் தேவாங்கு

ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டங்களில் மூன்று, நான்கு தலைமுறைகள் வாழ்ந்த தமிழர்களுக்கு ‘கூலி’ புதிய சொல் இல்லை. லயத்தில் தமிழர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது அது உழைப்புக்குக் கிடைத்த காசைக் குறித்தது. துரையின் கடிதத்திலும் தோட்டத்து வரைபடத்திலும் அதே சொல் உழைத்த மனிதரைக் குறித்தது. தொழிலாளர் குடியிருப்பைக் ‘கூலி லைன்’ என்றே ஆங்கிலத்தில் எழுதினார்கள்.

ஒரே ஒலி, இரண்டு பொருள். இந்த மாற்றம் எங்கே நடந்தது? ஆங்கிலத்தில் உள்ள சொல் தமிழிலிருந்து போனதா, வேறு மொழியிலிருந்தா? சீனர்கள் அதைத் தங்கள் சொல் என்று கருதுவது ஏன்? இதே ஒலியில் இன்னும் எத்தனை மொழிகளில் சொற்கள் உள்ளன? இந்தக் கேள்விகளுக்கான விடைகள் தோட்டத் தமிழர்களின் வரலாற்றோடு நெருக்கமாகப் பின்னியுள்ளன.

தமிழில் கூலி

தமிழில் ‘கூலி’ மிகப் பழைய சொல். திருக்குறளில் ‘ஆள்வினையுடைமை’ அதிகாரத்தில் 619-ஆம் குறளில் இச்சொல் வருகிறது. தெய்வத்தால் முடியாமல் போனாலும், உடலை வருத்தி முயன்றால் அந்த உழைப்புக்குரிய பலன் கிடைக்கும் என்பது அந்தக் குறளின் கருத்து. அங்கே கூலி இழிவான சொல்லாக வரவில்லை. உழைத்தவனுக்கு நியாயமாகச் சேர வேண்டியது என்ற பொருளில் வருகிறது.

தமிழோடு உறவுடைய மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் இதே சொல் ஊதியம் என்ற பொருளில் உள்ளது. ஆகவே இது திராவிட மொழிகளின் பொதுச் சொத்து.

இன்றைய தமிழிலும் இதன் முதற்பொருள் மாறவில்லை. நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று கணக்குப் போடுகிறார்கள். தையல்கூலி, வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, நாட்கூலி எல்லாம் பணத்தைக் குறிப்பவை. வேலை செய்பவரைச் சொல்ல வேண்டுமானால் தமிழ் இன்னொரு சொல்லைச் சேர்த்துக்கொள்கிறது: கூலியாள், கூலிக்காரர், கூலித் தொழிலாளி. பணம் வேறு, ஆள் வேறு என்ற பிரிவு மொழியிலேயே இருக்கிறது.

கெட்ட பொருள் தரும் கூட்டுச்சொற்களும் உண்டு. ‘கைக்கூலி’ லஞ்சத்தைக் குறிக்கும். பிறருக்காக வேலை செய்யும் ஏவலாளையும் குறிக்கும். தமிழ் முஸ்லிம்களிடையே மணமகனுக்குக் கொடுக்கும் ரொக்கத்துக்கும் அந்தப் பெயர் வழங்குகிறது. ‘கூலிப்படை’ காசுக்காகச் சண்டை போடும் கூட்டம். மனமில்லாமல் செய்யும் வேலையைக் ‘கூலிக்கு மாரடிப்பது’ என்பார்கள். இவை எல்லாவற்றிலும் கூலி என்பது கைமாறும் பணம்தான்.

குஜராத்தின் கோளிகள்

ஆங்கிலத்துக்குப் போன சொல்லின் வரலாறு இவ்வளவு நேரானது அல்ல. இந்தியாவின் மேற்குக் கரையில், குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும், ‘கோளி’ என்ற சமூகத்தார் வாழ்கிறார்கள். மும்பையின் பழைய மீனவக் குடிகள் இவர்களே. 16-ஆம் நூற்றாண்டில் அக்கரைக்கு வந்த போர்த்துகீசியர்களின் குறிப்புகளில் இந்தச் சமூகத்தின் பெயர் இடம்பெறுகிறது. துறைமுகங்களில் சுமை தூக்கவும் படகு வலிக்கவும் கிடைத்த ஆட்களை ஐரோப்பியர்கள் அந்தப் பெயரால் அழைக்கத் தொடங்கினார்கள் என்பது ஒரு விளக்கம்.

இன்னொரு விளக்கம் தமிழிலிருந்து வருகிறது. சோழமண்டலக் கரையிலும் ஐரோப்பியர்கள் வணிகம் செய்தார்கள். நாகப்பட்டினம், சென்னை போன்ற துறைகளில் அன்றாடக் கூலிக்கு ஆள் பிடித்தபோது அவர்கள் காதில் திரும்பத் திரும்ப விழுந்த சொல் ‘கூலி’. கூலி கொடுத்து அழைத்த ஆளையே கூலி என்றார்கள்.

யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதி இந்த விளக்கங்களை எடை போட்டுப் பார்க்கிறது. தொகுத்தவர்களில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னிந்திய மொழிகளை நன்கு கற்றவர். கோளி என்ற சமூகப் பெயரும் கூலி என்ற தமிழ்ச் சொல்லும் ஒன்றோடொன்று கலந்திருக்கலாம் என்ற கருத்து அன்று முதல் இன்று வரை ஆய்வாளர்களிடம் நீடிக்கிறது. கோளி என்பது ஓர் இனத்தின் பெயர். கூலி என்பது ஊதியத்தின் பெயர். பிறப்பில் தொடர்பில்லாத இரண்டு சொற்கள் ஐரோப்பியர் நாவில் ஒன்றாகிவிட்டன.

அரசனின் பெயரிலும் ‘குலி’

வட இந்தியாவில் மூன்றாவது ஓர் ஓடையும் வந்து சேர்ந்தது. துருக்கிய மொழிகளில் ‘குல்’ என்றால் அடிமை, சேவகன். ‘அலி குலி’ என்றால் அலியின் அடியார். தமிழில் ‘தாசன்’ என்று பெயர் வைப்பதற்கு இணையான வழக்கம் இது. கோல்கொண்டாவில் குதுப் ஷாஹி அரசை 1518-இல் நிறுவியவரின் பெயர் சுல்தான் குலி. 1591-இல் ஹைதராபாத் நகரத்தை உருவாக்கியவர் முகம்மது குலி குதுப் ஷா. அரியணையில் அமர்ந்தவர்களே பெருமையோடு சூடிக்கொண்ட பெயர் அது.

உதுமானியப் பேரரசில் சுல்தானின் நேரடிப் படையினருக்கும் பணியாளர்களுக்கும் ‘கபிகுலு’ என்று பெயர். அரண்மனை வாசலின் அடிமைகள் என்பது அதன் பொருள். அதிகாரம் மிக்கவர்களாக இருந்தும் அவர்கள் பெயரளவில் அடிமைகள்.

உருது மொழியில் சுமைதூக்குபவரைக் குறிக்கும் ‘குலி’ என்ற சொல்லை எழுதும்போது, துருக்கியச் சொல்லுக்குரிய ‘காஃப்’ எழுத்தையே போடுகிறார்கள். எழுதியவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கருதினார்கள் என்பதற்கு இது சாட்சி. துருக்கிய ‘குல்’ என்ற சொல்லுக்கும் தமிழின் கூலிக்கும் பிறப்பில் எந்த உறவும் இல்லை. ஆனால் ஊதியம் பெறுபவன், அடிமை என்ற இரண்டு எண்ணங்களும் ஒரே ஒலியில் ஒட்டிக்கொள்ள அது வழி செய்தது.

சீனத்தில் கசப்பும் வலிமையும்

சீன மொழியில் இச்சொல்லை இரண்டு எழுத்துகளால் எழுதுகிறார்கள். மாண்டரினில் ‘கூ லீ’ போல ஒலிக்கும். முதல் எழுத்துக்குக் கசப்பு, துன்பம் என்று பொருள், இரண்டாவதற்கு வலிமை. துன்பப்பட்டுச் செலவிடும் உடல் வலிமை என்று பொருள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால், சொல்லே சீனத்தில் பிறந்தது என்று நம்புபவர்கள் பலர். ஈயச் சுரங்கங்களுக்கும் துறைமுகங்களுக்கும் வந்த சீனத் தொழிலாளர்களின் வாழ்க்கையும் அந்தப் பொருளுக்கு ஏற்றதாகவே இருந்தது.

ஆனால் கண்டனீஸ் மொழி வேறு கதை சொல்கிறது. அதே இரண்டு எழுத்துகளைக் கண்டனீஸில் படித்தால் ‘ஃபூ லிக்’ என்று வரும். சுமைதூக்குபவரைக் குறிக்கக் கண்டனீஸ்காரர்கள் வழங்கும் சொல்லோ ‘கூ-லேய்’. அதற்கு வேறு எழுத்துகளைப் போட்டு எழுதுகிறார்கள். அந்த எழுத்துகளில் ‘வாய்’ என்ற உறுப்பு பக்கத்தில் சேர்ந்திருக்கும். ஒலிக்காக மட்டும் எடுத்த எழுத்து என்பதைக் காட்டக் கண்டனீஸ் எழுத்தில் உள்ள வழக்கம் அது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒலியைக் கேட்டு, பிறகு அதற்குப் பொருத்தமான எழுத்துகளைத் தேடிப் பிடித்தார்கள் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. பொருள் அழகாக அமைந்தது. ஆனால் பிறப்பிடம் அதுவல்ல.

மலாயிலும் நீரிணைக்கு அப்பாலும்

மலாய் மொழியில் ‘குலி’ என்றால் கடின உடலுழைப்புத் தொழிலாளி. ஊதியத்துக்கு மலாயில் ‘உப்பா’, ‘காஜி’ என்று தனிச் சொற்கள் உள்ளன. ஆகவே மலாய்க்குக் கூலி வந்து சேர்ந்தபோது பணம் என்ற பொருள் உதிர்ந்து, ஆள் என்ற பொருள் மட்டுமே நிலைத்தது.

ஜெராம் கடற்கரைக்கு எதிரே, மலாக்கா நீரிணைக்கு அப்பால் இருப்பது சுமத்ரா. அங்கே டெலி வட்டாரப் புகையிலைத் தோட்டங்களுக்காக டச்சு ஆட்சி 1880-இல் ஒரு சட்டம் போட்டது. அதன் பெயரே ‘கூலிச் சட்டம்’. ஒப்பந்தம் முடியும் முன் தோட்டத்தை விட்டு ஓடினாலும், வேலை செய்ய மறுத்தாலும் குற்றம், தொழிலாளியைத் தண்டிக்கலாம். ஊதியத்தைக் குறித்த சொல், ஓட முடியாதபடி கட்டப்பட்ட மனிதனின் சட்டப் பெயராகிவிட்டது.

இதே சொல்லுக்கு இந்தோனேசிய மொழியில் வேடிக்கையான ஒரு பயன்பாடும் உண்டு. பத்திரிகையாளரை அங்கே ‘குலி திந்தா’ என்று கிண்டலாகச் சொல்வார்கள். மைக்கூலி என்று பொருள்.

ஒலி ஒன்று, உறவு இல்லை

ஜெர்மன் மொழியில் ‘கூலி’ என்றால் எழுதும் பேனா. உச்சரிப்பு தமிழில் உள்ளதைப் போலவே நெடிலோடு வரும். உருண்டை முனைப் பேனாவுக்கு அம்மொழியில் ‘கூகல்ஷ்ரைபர்’ என்று பெயர். அந்த நீண்ட சொல்லைச் சுருக்கிக் கூலி என்கிறார்கள். அதே மொழியில் ஆங்கிலத்திலிருந்து போன ‘கூலி’யும் இருக்கிறது. நிலையங்களில் பெட்டி தள்ளும் வண்டிக்குக் ‘கோஃபர்கூலி’, அதாவது பெட்டிக்கூலி என்று பெயர். ஹாம்பர்க் நகர நிறுவனம் ஒன்று 1928-இல் ‘திண்டன்கூலி’ என்ற மைப் பேனாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கும் மைக்கூலி என்றுதான் பொருள். இந்தோனேசியாவில் எழுதுபவர் மைக்கூலி. ஜெர்மனியில் எழுதும் கருவி மைக்கூலி.

வியட்நாமிய மொழியில் ‘கு லி’ இரவில் நடமாடும், பெரிய கண்கள் கொண்ட தேவாங்கு இனத்தின் பெயர். தொழிலாளியைக் குறிக்கும் ‘கு லி’ என்ற சொல்லும் அம்மொழியில் உண்டு; அது பிரெஞ்சு ஆட்சிக் காலத்துத் தோட்டங்களோடு சேர்ந்த சொல்.

மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியா, நைஜர் போன்ற நாடுகளில், ‘குலி-குலி’ ஒரு தின்பண்டம். நிலக்கடலையை அரைத்து, எண்ணெயைப் பிழிந்து, மீதியைப் பிசைந்து பொரித்து எடுப்பார்கள். ஹவாய் மொழியில் ‘குலி’ என்றால் காது கேளாமை. ‘குலிகுலி’ என்றால் இரைச்சல். இரைச்சல் போடுபவரை அமைதியாக இருக்கச் சொல்லவும் அதே சொல். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் ‘குலி’ துறைமுகத் தொழிலாளி. இந்தக் கடைசிச் சொல் மட்டும் இந்தியப் பெருங்கடல் வணிகத்தோடு போனது; தின்பண்டத்துக்கும் காது கேளாமைக்கும் தமிழோடு தொடர்பில்லை.

எதை உறவு என்று சொல்லலாம்?

இரண்டு மொழிகளில் ஒரே ஒலியுள்ள சொற்கள் இருப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. மனித வாய் எழுப்பும் ஒலிகள் எண்ணிக்கையில் அளவுக்குட்பட்டவை. இரண்டு அசையுள்ள குறுஞ்சொற்கள் எங்கோ ஓரிடத்தில் ஒத்துப்போவது இயல்பு.

மொழியியலாளர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். முதலாவது, பொருள் ஒத்துப்போகிறதா அல்லது ஒரு பொருளிலிருந்து இன்னொன்று வளர்ந்த வழி தெரிகிறதா? இரண்டாவது, எழுத்தில் அது எங்கே, எப்போது முதலில் காணப்படுகிறது? மூன்றாவது, ஒரு மொழியாரிடமிருந்து இன்னொரு மொழியாருக்குச் சொல் பயணம் செய்ய வணிகம், கப்பல், ஆட்சி போன்ற வழி ஏதாவது இருந்ததா?

மலாய் ‘குலி’, சுவாஹிலி ‘குலி’, சீன ‘கூ லீ’ மூன்றும் இந்தச் சோதனையில் தேறுகின்றன. வணிகக் கப்பல்களும் தோட்டங்களும் துறைமுகங்களும் அவற்றைக் கொண்டு சேர்த்தன. ஹவாய்ச் சொல்லும் ஹௌசா மக்களின் தின்பண்டமும் தேறவில்லை. உலகச் சொற்களெல்லாம் தமிழிலிருந்தே வந்தன என்று ஒலியை மட்டும் வைத்துச் சொல்லும் பதிவுகள் கைப்பேசியில் அடிக்கடி வருகின்றன. அவற்றை எடைபோட இந்த மூன்று கேள்விகளே போதும்.

வசையான வரலாறு

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறி, 1834-இல் நடப்புக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒப்பந்தத்தின் பேரில் இந்தியர்கள் மொரிஷியஸுக்கும், பின்னர் கரீபியன் தீவுகளுக்கும், நாட்டாலுக்கும், பிஜிக்கும் போனார்கள். மொரிஷியஸில் அவர்கள் கரையேறிய துறை ‘கூலி காட்’ எனப்பட்டது. இன்று அது ‘ஆப்ரவாசி காட்’, அதாவது குடியேறியோர் துறை. 2006-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பரில் டர்பன் துறையை அடைந்தது. தென்னாப்பிரிக்காவில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வைத்த பெயர் விரைவில் எல்லா இந்தியருக்கும் பொதுப் பெயரானது. 1893-இல் அங்கே போன காந்தியடிகள் தாம் ‘கூலி பாரிஸ்டர்’ என்று அழைக்கப்பட்டதைத் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். வணிகரானாலும் வழக்கறிஞரானாலும் இந்தியர் கூலிதான்.

தமிழர்களை வெள்ளையர்கள் ‘சாமி’ என்றும் அழைத்தார்கள். ராமசாமி, முனுசாமி போன்ற பெயர்களின் கடைசிப் பகுதி அது. சாமி என்றால் தலைவன், எஜமான் என்று பொருள். என்னை எஜமான் என்கிறீர்களே என்று சிலர் திருப்பிக் கேட்டதையும் காந்தி எழுதியிருக்கிறார். இழிவாக எறிந்த சொல்லின் பொருளைத் தெரிந்துவைத்திருந்தவர்களுக்கு அதுவே பதிலாகவும் உதவியது.

மலாயாவில் ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதில் வந்தவர்களைச் ‘சஞ்சிக்கூலி’ என்பது இன்றும் இங்குள்ள தமிழர் வழக்கு. அதன் பிறகு கங்காணி முறையே முதன்மையானது. ஊருக்குப் போய் ஆள் திரட்டி வந்த கங்காணிக்கு, வேலைக்கு வரும் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ‘தலைக்காசு’ கிடைத்தது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்ததும் அந்த முறையும் முடிவுக்கு வந்தது.

அந்தக் காலகட்டத்தில் கோல சிலாங்கூர் தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனை வரை பல மாற்றங்களைக் கண்டன. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் உருவானது. இன்று அவ்வூரின் பெயர் பெஸ்தாரி ஜெயா. தோட்டத்தை உருவாக்கியவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்காக 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். நாட்டின் பெருந்தொழில் ஒன்று தொடங்கிய இடத்தின் பெயர் தமிழ்ப் பெயர் என்பது நினைவில் வைக்க வேண்டியது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் அதன் முன்னணியில் இருந்தார். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை கோரிக்கைகள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரைகளுக்கும் கிராணிமார்களுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை. நாதன் கைதானார், நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அந்தக் கோரிக்கைப் பட்டியலைச் சொல் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். சம்பள உயர்வு கேட்டது தமிழ்ப் பொருளிலான கூலிக்காக. சைக்கிளில் நிமிர்ந்து போகும் உரிமை கேட்டது ஆங்கிலப் பொருளிலான கூலியாக இருக்க மறுத்ததற்காக.

இன்றைய நிலை

தென்னாப்பிரிக்காவிலும் கரீபியன் நாடுகளிலும் இச்சொல் இன்னும் காயப்படுத்தும் வசை. அதே வேளையில் மொரிஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி ‘கூலித்தூட்’ என்ற சொல்லை உருவாக்கி, கடல் கடந்த தொழிலாளர் வழித்தோன்றல்களின் அடையாளமாக அதை மாற்றினார். இந்தியாவில் 2016 ரயில்வே வரவு செலவுத் திட்டத்தில், நிலையச் சுமைதூக்குவோரைக் கூலி என்பதற்குப் பதில் ‘சகாயக்’, அதாவது உதவியாளர் என்று அழைக்கும் அறிவிப்பு வந்தது. 2025 ஆகஸ்டில் ரஜினிகாந்த் நடித்து வெளிவந்த படத்தின் பெயர் ‘கூலி’. இங்குள்ள திரையரங்குகளிலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்கினார்கள்.

மலேசியத் தோட்டத் தமிழர்களிடையே ‘தொழிலாளி’, ‘பாட்டாளி’ என்ற சொற்கள் சங்கங்களின் வழியாக வேரூன்றின. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் தொடங்கியது. நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக 2013-இல் நடப்புக்கு வந்தபோது தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட். 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். ‘உழைப்புக்கேற்ற கூலி’ என்று தமிழில் பேசப்படும் வாதத்தின் இன்றைய வடிவம் இந்த எண்கள்தாம்.

பிள்ளைகள் பள்ளியில் இச்சொல்லை மலாய்ப் பாடத்தில் ஒரு பொருளிலும் தமிழ்ப் பாடத்தில் வேறு பொருளிலும் சந்திக்கிறார்கள். இரண்டின் வரலாற்றையும் வீட்டில் சொல்லிக்கொடுப்பது பயன் தரும். “கூலிக்காரன் பிள்ளை” என்று எவராவது கேலி செய்தால், அந்தச் சொல்லுக்குத் தமிழில் உழைத்தவருக்குச் சேர வேண்டிய பங்கு என்றுதான் பொருள், அதைக் கேட்டு வாங்கப் போராடியவர்கள் பக்கத்து ஊர்த் தோட்டங்களில் இருந்தார்கள் என்று அந்தப் பிள்ளையால் சொல்ல முடியும்.